பரமேஸ் அக்கா கடையில் நான் வைத்த பெட்டி

அடுத்தவன் கடை வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்து வயிறு எரியாத விற்பனையாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. புதிதாக வேன் சாவி வாங்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் எரியும். பசி மாதிரி அது வேளைக்கு வந்துவிடும். தடுக்க முடியாது. ஆனால் எரிகிற வயிற்றோடு எந்த முடிவும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அந்தோணி. மலாக்காவில் இருபத்தாறு ஆண்டுகள் சிகரெட் கம்பெனி வேனில் கடைகளுக்குச் சரக்குப் போட்டேன். வீடு புலாவ் செபாங்கில். நியாலாஸ் பக்கத்துத் தோட்டக் கடைகளிலிருந்து கோலா சுங்கை பாரு படகுத்துறை வரைக்கும் என் தடம். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆர்டர் எடுப்பதும் சரக்கு அடுக்குவதும் உங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். எனக்கு முன் இந்தத் தடத்தில் ஓடியவர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னது: "கடைக்காரன் வாய கேக்காத. வாசல் கால்வாய பாரு." கடைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் சாக்கடைக் கால்வாயைப் பார்த்தால் போதும். கிடக்கும் சிகரெட் துண்டுகளின் பஞ்சு நிறம், அதில் உள்ள கோடு, இவற்றை வைத்தே எந்தச் சிகரெட் எவ்வளவு ஓடுகிறது, கள்ளச் சரக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் பொய் சொல்லலாம், கால்வாய் சொல்லாது. அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகள் மேலாளர்களிடம் பெரிய கெட்டிக்காரனாக நடமாடினேன்.

முதலில் சுத்தமானது கோலா சுங்கை பாருவில் ஒரு கடையின் கால்வாய். நகராண்மைக் கழக ஆட்கள் கூட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் துண்டுகள் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோதுதான், படகிலிருந்து இறங்கிய மீனவர்களின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய சின்னக் குழல்கள் கண்ணில் பட்டன. கடல் காற்றில் நெருப்புக்குச்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஈரக் கையால் பெட்டியை நனைக்க வேண்டாம். எல்லாரும் வேப் என்கிற மின் சிகரெட்டுக்கு மாறியிருந்தார்கள். இளைஞர்கள் மட்டும்தான் மாறுவார்கள் என்று எங்கள் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு என் வயது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கடல் தூரம். பிறகு எங்கள் ஊரிலேயே, என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், பிரகாஷ் கடை திறந்தான்.

நியாலாஸ் பக்கம் செம்பனைக் குலை வெட்டுபவரின் மகன். இருபத்தெட்டு வயது இருக்கும். முன்பு தையல் கடை இருந்த இடத்தில் நீல விளக்குப் போட்டு, நீளமாக ஒரு சோபாவும் போட்டு, வேப் கடை வைத்தான். நான் எதிர்ப்பக்கம் வேனை நிறுத்தி, பொட்டலத்து நாசி லெமாக்கைச் சாப்பிட்டபடி அவன் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தினமும். சாப்பாடு வாயில் இருக்கும், ருசி தெரியாது. என்னிடமிருந்து சரக்கு வாங்கிய கடைகளில் சிகரெட் வாங்குகிறவர்கள் வாங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்கள். அவனிடம் வாங்கியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், சிரித்தார்கள். அவன் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

ஒரு நாள் அங்கிருந்து லோரி ஓட்டுநர் சேகர் வெளியே வந்தான். பதினைந்து ஆண்டுகள் நம் சிகரெட்டைத் தவிர வேறு எதையும் தொடாதவன். மனம் கேட்காமல் வேனிலிருந்து இறங்கிப் போனேன்.

"என்னா சேகர், அங்க உனக்கு என்னா வேல?"

"ஐயோ அண்ணே, புடிச்சிட்டீங்களா? வீட்டுக்காரி வாய் நாறுதுன்னு கிட்டயே சேக்கல லா. இப்ப தர்பூசணி வாசம் அடிக்குதாம். நீங்களே சொல்லுங்க, நான் உங்கள பாக்குறதா, அவள பாக்குறதா?"

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதற்குள் பிரகாஷ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க. எதாச்சும் குடிக்கிறீங்களா?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தனை ஆண்டுகளில் எந்தக் கடையிலும் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. இவன் போடுகிறான். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி ஸ்டெல்லாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

என் முடிவு அந்த எரிச்சலில் பிறந்ததுதான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பரமேஸ் அக்கா மளிகைக் கடை நடத்துகிறார். எதிரே பேருந்து நிறுத்தம். என் தடத்தில் நல்ல கடைகளில் ஒன்று. பிரகாஷ் வந்த பிறகு அங்கே சிகரெட் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. அக்கா கடையிலும் வேப் வைத்தால் பிரகாஷிடம் போகும் கூட்டம் இங்கே திரும்பும், திரும்பியவர்கள் சிகரெட்டும் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். கம்பெனிக்குச் சொல்லவில்லை. மலாக்கா நகரத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் போய், இழுத்து முடித்ததும் தூக்கிப் போடும் வகை வேப்பில் ஒரு பெட்டி வாங்கினேன். வாசனைகளை நானே பொறுக்கினேன். லிச்சி, கொய்யா, மாம்பழம். வெளிர் நிறங்களாக எடுத்தேன், பிரகாஷின் அலமாரியில் அவைதான் முன்வரிசையில் இருந்தன. இருப்பதிலேயே நிக்கோட்டின் வலுவானதைக் கேட்டு வாங்கினேன். ஒரு முறை வாங்கியவர் திரும்பி வர வேண்டும் அல்லவா?

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"வேணாம் அந்தோணி. இந்த எழவு பேரே எனக்கு வாயில நொழையல."

"ஒரு மாசம் வச்சிப் பாருங்கக்கா. அவன்கிட்ட போற கூட்டம் இங்க வரும். வந்தா சும்மாவா போவும்? சிகரெட்டு, ரொட்டி, பேட்டரின்னு எதயாச்சும் எடுத்துட்டுத்தான் போவும்."

"பள்ளிக்கூட புள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கிற எடம்ப்பா இது."

"அதுங்க ஐஸ்கிரீம் வாங்க வருதுங்க. இத எங்க பாக்கப் போவுது?"

சொல்லிக்கொண்டே பெட்டியைக் கல்லாவின் வலப்புறத்தில், மிட்டாய்ப் போத்தல்களுக்கு முன்னால் வைத்தேன். கடைக்கு வருபவர் காத்து நிற்கும்போது கண் தானாகப் போகும் இடம் அது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்ததற்காகத்தான் எனக்கு இத்தனை ஆண்டுகள் சம்பளம் கொடுத்தார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேப் விற்கக் கூடாது என்ற சட்டம் அப்போது இன்னும் நடப்புக்கு வரவில்லை. சிகரெட்டுக்கு இருந்தது. அந்த இடைவெளி எனக்கு வசதியாக இருந்தது.

முதல் சில வாரங்கள் நான் நினைத்தபடியே நடந்தது. கடைக்கு ஆட்கள் வந்தார்கள், சிகரெட் ஓட்டம் கொஞ்சம் நிமிர்ந்தது. பிரகாஷ் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். அதன் பிறகு சரிந்தது. சேகர் மாதிரி ஆட்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். வெளியே நின்றால் சிகரெட், லோரிக்குள் வேப். சிலர் சிகரெட்டை விட்டே விட்டார்கள். அக்கா கடைக் கால்வாயும் சுத்தமாகத் தொடங்கியது. ஆனால் வேப் பெட்டி மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் காலியானது. என் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் மாறியிருந்தாலும் அந்த வேகம் வராது. இதை நான் கவனித்தேன். யார் வாங்குகிறார்கள் என்று அக்காவிடம் கேட்கவில்லை. புதுப் பெட்டி கொண்டுபோய் வைத்தேன்.

என் மகள் ஜெனி அப்போது நான்காம் படிவம், பதினாறு வயது. ஒரு சனிக்கிழமை விளையாட்டுப் பயிற்சிக்குப் போனவள் திடலில் விழுந்துவிட்டாள். ஆசிரியர் அழைத்தபோது நான் நியாலாஸில் இருந்தேன். சரக்கு ஏற்றிய வேனோடு அரசாங்க மருத்துவமனைக்கு ஓட்டினேன். அவசரப் பிரிவில் அவள் ஒருக்களித்துப் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கைகள் நடுங்கின. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஸ்டெல்லா அவள் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருத்துவர் சின்னப் பெண், நம் ஆள்தான். ஜெனியின் பையிலிருந்து எடுத்த ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"அப்பாவா? இவங்க பேக்ல இது இருந்திச்சு. உள்ள என்னா லிக்விட்னு எனக்குத் தெரியணும். இப்பல்லாம் இதுல கண்டதையும் கலக்குறாங்க. போதப் பொருளா இருந்தா வேற மாதிரி பாக்கணும், போலீஸ் ரிப்போர்ட் வரைக்கும் போவும்."

"மார்க்கர் பேனான்னுல நெனச்சேன்," என்றாள் ஸ்டெல்லா. "ரெண்டு வாரமா இந்த மாதிரிதான் அவ மேசையில கெடந்திச்சு, டாக்டர். நான்தான் எடுத்து எடுத்து டப்பாவில போட்டேன்."

"எங்க வாங்குன?" என்று மருத்துவர் ஜெனியிடம் குனிந்து கேட்டார்.

ஜெனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரு குடுத்தா? சொன்னாதான்மா நான் பாக்க முடியும்."

"பஸ் ஸ்டாப்ல கெடந்திச்சு."

வெளிர் இளஞ்சிவப்பு. லிச்சி. நான் பொறுக்கியெடுத்தது. அடியில் மொத்த வியாபாரி ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர்கூட என் கண்ணுக்குத் தெரிந்தது.

நெருக்கடியில் மனம் பெரிய விஷயங்களை நினைக்கும் என்பார்கள். என் மனம் நினைத்தவை இவை: ஸ்டெல்லா பக்கத்தில் நிற்கிறாள். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். ஜெனியே பொய் சொல்லிவிட்டாள், அது அப்படியே நிற்கட்டும். நான் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். பிறகு தாதியிடம் திரும்பி மலாயில் போலீஸ் ரிப்போர்ட்டுக்கான பாரத்தை எடுத்து வரச் சொன்னார். தாதி கிளம்பினார். அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றேன். என் மகள் போதைப் பொருள் எடுத்தவளாக ஒரு தாளில் ஏறப் போகிறாள் என்று தெரிந்தும் நின்றேன்.

தாதி திரைச்சீலையை விலக்கியபோதுதான் என் குரல் வந்தது.

"டாக்டர், அது நிக்கோட்டின்தான். லிச்சி. அந்த வகையிலயே வலுவானது. வேற கலப்பு இல்ல. பெட்டியப் பிரிச்சி கடையில வச்சது நான்."

ஸ்டெல்லா ஜெனியின் முடியை விடாமல் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

சோதனைகளை அவர்கள் எடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் எதற்கு மருத்துவம் பார்க்கிறோம் என்பது மருத்துவருக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் வாங்கியதை ஜெனி காலைக்குள் ஏறக்குறைய முடித்திருந்தாள். வெறும் வயிறு, வெயில், ஓட்டம். மாலைக்குள் வாந்தி நின்றது. ஸ்டெல்லா வீட்டுக்குத் துணி எடுக்கப் போனபோது நானும் ஜெனியும் மட்டும் இருந்தோம்.

"ஏன்ப்பா சொன்னீங்க?" என்றாள் ஜெனி. "நான் சொல்லாமத்தானே இருந்தேன்."

"அது நான் வச்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

"பரமேஸ் ஆன்ட்டி சொன்னாங்க. 'ஒங்கப்பா கொண்டாந்து வச்சதுதான், ஒன்னும் ஆவாது'ன்னு." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொதல்ல அங்க போவல. பிரகாஷ் அண்ணன் கடைக்குத்தான் நானும் கூடப் படிக்கிற ரெண்டு பேரும் போனோம். வயசு பாக்க ஐசி கார்டு கேட்டாரு. இல்லன்னோம். 'வீட்டுக்குப் போய் தண்ணி குடிச்சிட்டு படுங்க'ன்னு தொரத்திட்டாரு."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வெட்கம் வரவில்லை. நன்றியும் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கேட்கச் சொல்லிச் சட்டம் வராதபோதே அவன் கேட்டிருக்கிறான். என் பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியதை அவன் செய்திருக்கிறான். அதையும் அவனே எடுத்துக்கொண்டான் என்றுதான் தோன்றியது. வெட்கம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் பரமேஸ் அக்கா கடைக்குப் போனேன். பெட்டியை எடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"இது என்னாப்பா கூத்து? கைய கால புடிச்சி வச்சது நீ. ஒன் சிகரெட்ட விட நல்லா ஓடுது. இப்ப எடுக்கணுமா?"

"எம்மக ஆஸ்பத்திரியில இருக்காக்கா."

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஜெனியா? ஐயோ சாமி. ஒம்புள்ளன்னுதான்டா நம்பிக் குடுத்தேன். ஒனக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன்." பெட்டியைத் தானே எடுத்து என் கையில் வைத்தார். "கொண்டு போ. ஆனா ஒன்னு கேட்டுக்க. அடுத்த வாரம் வேற ஒருத்தன் வருவான்."

வந்தான். அக்கா வேண்டாம் என்றார். பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம் கழித்துப் பிரகாஷின் கடைக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தேன். சோபாவில் உட்காரச் சொன்னான். நிற்கிறேன் என்றேன். என் மகள் வந்ததையும் அவன் திருப்பி அனுப்பியதையும் சொல்லி நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"எந்தப் பொண்ணு அங்கிள்?" என்றான். "யூனிபோர்ம் மேல ஜாக்கெட் போட்டுட்டு தெனமும் நாலு பேரு வருதுங்க. எனக்கு மொகம் ஞாபகம் இல்ல."

"நெதமும் திருப்பி அனுப்புவியா?"

"பின்ன? சின்னப் புள்ளைங்க அங்கிள், தல சுத்தி என் கடையிலயே விழுந்தா யாரு பாக்குறது?" சிரித்தான். "பதினெட்டு ஆயிடிச்சின்னா வரச் சொல்லுங்க. அங்கிள் மகளுக்கு டிஸ்கவுண்ட் உண்டு."

அவன் நல்லவனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நினைவில்கூட வைத்துக்கொள்ளாத அளவுக்குச் சாதாரணமாக அவனால் அதைச் செய்ய முடிந்திருக்கிறது. அதுதான் என்னை இன்றும் அரிக்கிறது.

ஜெனி பள்ளியை முடித்துவிட்டாள். வேப்பை விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். தேர்வுக் காலத்தில் அவள் விரல்கள் மேசையில் எதையோ தேடுவதைப் பார்த்தேன். அவள் பையை நான் திறப்பதில்லை. ஆனால் குளியலறையில் நேரம் ஆனால் கதவருகே போய் நின்று முகர்ந்து பார்க்கிறேன். சந்தையில் லிச்சிப் பழம் குவித்திருந்தால் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வேப் வந்தால் சிகரெட் விற்பனை குறையுமா என்று உங்களையும் மேலிடத்தில் கேட்பார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னையும் கேட்டார்கள். பரமேஸ் அக்கா கடையில் ஓட்டம் ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதச் சொல்லி எங்கள் வட்டார மேலாளர் குணா ஒரு பாரம் அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். சிகரெட்டைக் குறைத்துக்கொண்டவர்கள், முழுதாக வேப்புக்கு மாறியவர்கள், இரண்டும் பிடிப்பவர்கள் என்று மூன்று கட்டங்கள். ஜெனி தண்ணீர் குடிக்க வந்தவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கப்பா வரேன்?"

பார்த்தேன். அவள் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

"நான் சிகரெட்ட தொட்டதே இல்லயே," என்றாள். "அந்த நாத்தம் எனக்குப் புடிக்காது."

கட்டங்களுக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அங்கே எழுதினேன்: 'சிகரெட்டே பிடிக்காத பள்ளிப் பிள்ளைகளும் வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் விற்றிருக்கிறார்.'

ஜெனி நகரவில்லை.

"ஆன்ட்டி மட்டுமா?"

ஸ்டெல்லா அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். நான் கடைசி வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தேன். 'பெட்டியை அங்கே வைத்தவன் நான்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். ஜெனி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து குணா அழைத்தார்.

"அந்தோணி, என்னாய்யா இது? இத நான் மேல அனுப்ப முடியாது. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது லா. வேற பாரம் அனுப்புறேன், அந்த வரிய எடுத்துட்டு நெரப்பிக் குடு."

"நீங்க கேக்கல பாஸ்," என்றேன். "அதனாலதான் எழுதுனேன்."